டெக்னோ செட்டில் இரண்டு டிராக்கின் கீ பொருந்தியும் மிக்ஸ் ஏன் காதில் இடிக்கிறது?

இரண்டு டிராக்கின் கீயும் (ஆதார ஸ்வரமும் அதன் ஸ்வர வரிசையும்) 4ஏ, அதாவது எஃப் மைனர், என்று டிஜே மென்பொருளின் திரை காட்டியது, சேர்த்து ஓடவிட்டதும் அபசுரம் என்கிறீர்கள். ஆரம்பத்தில் எனக்கும் இப்படியே நடந்தது. 128 பிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை தாள அடிகள்) டிராக் ஒன்றை 135க்கு ஏற்றியிருந்தேன். வேகம் மாறினாலும் சுருதியை மாறாமல் பிடித்துவைக்கும் கீ லாக் போட மறந்துவிட்டேன். வேகம் ஏறத்தாழ 6 சதவீதம் கூடினால் சுருதியும் அரை ஸ்வரம் ஏறிவிடும். எஃப் மைனராக இருந்தது எஃப் ஷார்ப் மைனரை நெருங்கிவிட்டது. திரையில் மட்டும் பழைய 4ஏ அப்படியே நின்றது. நானோ காதை விட்டுவிட்டுத் திரையை நம்பினேன். அதனால் முதலில் பார்க்க வேண்டியது வேகத்தை மாற்றும் பிட்ச் ஃபேடர் எங்கே இருக்கிறது, கீ லாக் போட்டிருக்கிறதா என்பதைத்தான்.

கீகளுக்கு எண் கொடுக்கும் கேமலட் சக்கரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: 1 முதல் 12 வரை எண்கள், ஏ என்றால் மைனர், பி என்றால் மேஜர். பக்கத்து எண்ணுக்குப் போனால் ஏழு ஸ்வரங்களில் ஆறு பொது. எண் அதே, எழுத்து மட்டும் மாறினால் ஏழும் பொது, ஆதார ஸ்வரம்தான் வேறு. கர்நாடக இசையில் ஆதார ஸ்வரத்தை மாற்றும் கிரகபேதம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

டெக்னோவில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பல டிராக்குகளில் கிக், அதன் அடியில் உறுமும் பேஸ், எங்கோ ஒரு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்கள்), அவ்வளவுதான். ஏழு ஸ்வரத்துக்கு எங்கே போவது? மென்பொருள் கையில் கிடைத்த இரண்டு மூன்று ஸ்வரங்களை வைத்து ஊகிக்கிறது. அந்த ஊகம் பெரும்பாலும் பஞ்சமத்திலோ, மேஜர்-மைனர் குழப்பத்திலோ தவறும். சில டிராக்குகளில் கிக் நின்றுபோகும் பிரேக்டவுனில் வரும் பேடை (நீண்டு ஒலிக்கும் சின்த் ஒலி) வைத்து கீ சொல்லிவிடும், கீழே பேஸ் வேறொரு ஸ்வரத்தில் உறுமிக்கொண்டிருக்கும்.

அந்த பேஸ்தான் உண்மையான வில்லன். ஒரு டிராக்கின் பேஸ் 55 ஹெர்ட்ஸில் (ஏ) இருக்கிறது, இன்னொன்று அரை ஸ்வரம் மேலே 58.3 ஹெர்ட்ஸில் என்று வையுங்கள். இரண்டும் சேர்ந்தால் நொடிக்கு மூன்று முறைக்கு மேல் ஒலி ஏறி இறங்கித் தள்ளாடும். 135 பிபிஎம்மில் கிக் விழுவதோ நொடிக்கு 2.25 முறை. தள்ளாட்டம் தாளத்தோடு ஒட்டாது. பெரிய ஸ்பீக்கரில் இது 'சுருதி பிசகு' என்றுகூடத் தோன்றாது, கிக் வலுவிழந்து சேறாகிவிட்டது போல இருக்கும். பலர் இதை பீட்மேட்சிங் (இரண்டு தாளத்தையும் ஒட்டவைப்பது) தவறு என்று நினைத்து, டிராக்கை முன்னும் பின்னும் நகர்த்தும் ஜாக் வீலைத் திருகிக்கொண்டிருப்பார்கள். நானும்தான்.

எனவே நான் செய்வது இது. வீட்டில் ஒரு சின்ன கீபோர்டை வைத்துக்கொண்டு, ஃபில்டரால் மேல் ஒலிகளை வெட்டிவிட்டு, பேஸ் எந்த ஸ்வரம் என்று தேடிப் பிடிப்பேன். கீபோர்டு இல்லையென்றால் கூடவே முனகிப் பார்த்தாலும் போதும். செட்டில் புது டிராக்கைக் கொண்டுவரும்போது அதன் லோ ஈக்யூ (அடி ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்) முழுக்க மூடியிருக்கும். 16 அல்லது 32 பார் (நான்கு அடிகள் கொண்ட சுற்று) முடியும் இடத்தில் ஒரே அசைவில் பழைய டிராக்கின் லோவை மூடி, புதியதன் லோவைத் திறப்பேன். இரண்டு பேஸும் ஒருபோதும் ஒன்றாக ஒலிக்காவிட்டால், பொருந்தாத கீகளில் பாதிக்கு மேல் யாருக்கும் தெரியாமலே கடந்துபோகும்.

மேலே பேடும் பேடும் நீளமாகச் சேரும் இடத்தில் மட்டும் சக்கரத்துக்குக் கட்டுப்படுவேன். வெறும் ஹை-ஹாட்டும் பெர்கஷனும் ஓடும் டிராக்குக்கு எண்ணைப் பார்ப்பதே இல்லை. நல்ல டிராக்கை எண் பொருந்தவில்லை என்று ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. ஒரே எண்ணில் ஒரு மணி நேரம் சுற்றும் செட்டைக் கேட்டால் தூக்கம்தான் வருகிறது.

கீ லாக்கும் இலவசம் அல்ல. வேகத்தை அதிகம் மாற்றினால் கிக்கின் முனை மழுங்கும். 3 சதவீதத்துக்குள் இருந்தால் போடுவேன். அதைத் தாண்டினால் சிலசமயம் வேண்டுமென்றே எடுத்துவிடுவேன்: 130இல் 8ஏ ஆக இருக்கும் டிராக் 138இல் கிட்டத்தட்ட 3ஏ ஆகிவிடும். அன்று என் மிக்ஸைக் கெடுத்த அதே கணக்கு, இன்று 3ஏ டிராக் ஓடும்போது அடுத்ததைத் தேட உதவுகிறது.