பிள்ளையைப் பிரிக்கக் காசு இருந்தது

கேள்வி: பூர்வகுடிக் குழந்தைகளைப் பாதுகாக்கும் பொறுப்பை அந்தந்தப் பூர்வகுடி அமைப்புகளிடமே கனடா கொடுத்து வருகிறது. குடியும் வறுமையும் நிறைந்த ஊர்களில், பிள்ளைகளைக் காக்கும் வேலையை அந்த ஊர்க்காரர்களிடமே விடுவது சரியா? நாளைக்கு ஒரு குழந்தை செத்துப்போனால் யார் பதில் சொல்வது?
– ஒரு வாசகர், ஸ்கார்பரோ

பதில்: கடைசியாகக் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். யார் பதில் சொல்வது என்கிறீர்கள். இதுவரை யார் பதில் சொன்னார்கள்?

நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பிள்ளைகள் அரசின் பொறுப்பில்தான் இருந்தார்கள். அரசு பணம் கொடுக்க, தேவாலயங்கள் நடத்திய உறைவிடப் பள்ளிகளுக்கு ஒன்றரை லட்சம் பிள்ளைகளுக்கு மேல் கொண்டுபோகப்பட்டார்கள். தாய்மொழியில் பேசினால் அடி விழுந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் வீடு திரும்பவே இல்லை. அந்தப் பள்ளிகளில் கடைசியானவை மூடப்பட்டது 1990களில்தான். இதற்கிடையே, 1951இல், பூர்வகுடிகளை ஆளும் கனடாவின் 'இந்தியன் சட்ட'த்தைத் திருத்தி, மாகாணங்களின் குழந்தைகள் நலச் சட்டம் ரிசர்வுகளுக்குள், அதாவது பூர்வகுடிகளுக்கென ஒதுக்கிய நிலங்களுக்குள், நுழைய வழி செய்தார்கள். அப்புறம் சமூகப் பணியாளர்கள் காரில் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். சுமார் 20,000 பேர் பெரும்பாலும் வெள்ளையர் குடும்பங்களுக்கு வளர்க்கவோ தத்தாகவோ கொடுக்கப்பட்டார்கள். சிலர் எல்லை தாண்டி அமெரிக்காவுக்கும் போனார்கள். 2021 கணக்கெடுப்பைப் பாருங்கள்: கனடாவின் சிறுபிள்ளைகளில் பூர்வகுடிப் பிள்ளைகள் 7.7 சதவீதம். வளர்ப்பு இல்லங்களில் இருக்கும் சிறுபிள்ளைகளில் அவர்கள் 53.8 சதவீதம்.

இந்தப் பொறுப்பை இன்னும் அதே கையில் வைத்திருக்கச் சொல்பவர்கள், இந்த எண்ணுக்கு ஒரு விளக்கம் தர வேண்டும்.

குடியும் வறுமையும் என்று இரண்டையும் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். இந்தப் பிள்ளைகளைப் பிரித்தெடுத்த கோப்புகளில் மிக அதிகமாக வரும் காரணம் அடி உதை இல்லை. பாலியல் கொடுமையும் இல்லை. 'கவனிப்பின்மை' என்ற சொல்தான். அதைத் தோண்டிப் பார்த்தால் உள்ளே இருப்பது நெரிசலான வீடு, பழுதான கூரை, குடிக்க முடியாத தண்ணீர், குடிப்பழக்கத்துக்குச் சிகிச்சை கிடைக்காத பெற்றோர். குடி இல்லை என்று நான் சொல்லவில்லை. உறைவிடப் பள்ளியில் வளர்ந்தவர்கள், அன்பாக ஒரு பிள்ளையை வளர்ப்பதைக் கண்ணால் பார்க்காமலேயே பெற்றோர் ஆனார்கள். அந்தக் காயத்துக்கு மருந்து வேண்டும். அரசு அதற்கு என்ன செய்தது என்பதுதான் எனக்கு ஆறாத விஷயம்.

கிட்க்ஸான் என்ற பூர்வகுடி இனத்தைச் சேர்ந்த சிண்டி பிளாக்ஸ்டாக் நடத்தும் குழந்தைகள் நல அமைப்பும், முதற்குடிகளின் பேரவையும் 2007இல் ஒட்டாவா மீது, அதாவது கனடாவின் மத்திய அரசு மீது, மனித உரிமைப் புகார் கொடுத்தன. ஒன்பது ஆண்டு இழுத்தடிப்புக்குப் பிறகு, 2016 ஜனவரியில் மனித உரிமைத் தீர்ப்பாயம் அரசு பாகுபாடு காட்டியதாகத் தீர்ப்பளித்தது. அதில் நிதி ஒதுக்கும் முறையைப் பற்றிய பகுதியை எல்லோரும் படிக்க வேண்டும். ஒரு பிள்ளையை வீட்டிலிருந்து எடுத்து வளர்ப்பு இல்லத்தில் வைத்தால், ஆன செலவு முழுவதையும் ஒட்டாவா திருப்பிக் கொடுத்தது. அதே பிள்ளை அம்மாவிடமே இருக்கும்படி ஒரு பணியாளரை அனுப்பவோ, ஆலோசனை தரவோ, அம்மாவைச் சிகிச்சைக்குச் சேர்க்கவோ வேண்டுமென்றால், ஒரு சூத்திரப்படி அளந்து வைத்த தொகைதான். அது தீர்ந்தால் தீர்ந்தது. அந்தச் சூத்திரமும், எந்தச் சமூகத்திலும் 6 சதவீதப் பிள்ளைகள் பராமரிப்பில் இருப்பார்கள் என்ற ஊகத்தின் மேல் கட்டப்பட்டது. பிள்ளையைப் பிரிக்கத் தட்டுப்பாடில்லாமல் காசு இருந்தது. பிரிக்காமல் இருக்கக் காசு இல்லை. குழந்தைகள் நல வேலையைச் செய்யும் ஏஜென்சியில் எவ்வளவு நல்லவர்கள் வேலை பார்த்தாலும், இப்படி ஒரு ஏற்பாடு பிள்ளைகளை வீட்டுக்கு வெளியேதான் தள்ளும். பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடாக 2,300 கோடி டாலருக்கு மேல் கொடுக்க அரசு ஒப்புக்கொண்டு, நீதிமன்றம் அதை 2023இல் ஏற்றது. பறிபோன பிள்ளைப் பருவம் அந்தப் பணத்தில் திரும்பி வராது.

நீங்கள் ஸ்கார்பரோவில் இருப்பதால் ஒன்று கேட்கிறேன். 'சில்ட்ரன்ஸ் எய்ட்' என்ற குழந்தைகள் நல ஏஜென்சியின் பெயரைக் கேட்டால் நம் வீடுகளில் ஒரு நடுக்கம் வரும் அல்லவா? அம்மம்மாவிடம் வளர்கிற பிள்ளையை, ஒரே அறையில் மூன்று பிள்ளைகள் படுப்பதை, நம்மை அறியாத ஓர் அலுவலர் வந்து பார்த்து என்ன எழுதிவிடுவாரோ என்ற பயம் அது. நமக்கு அது ஒரு தலைமுறைப் பயம். அவர்களுக்கு ஐந்தாறு தலைமுறையாக அந்தக் கார் வாசலில் வந்து நின்றிருக்கிறது.

இந்தக் கோரிக்கையும் நேற்று முளைத்ததில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஸ்பல்லம்சீன் சமூகம் 1980லேயே பிள்ளைகள் பற்றிய தன் சொந்த விதியை எழுதிக்கொண்டது. அதன் தலைவர் வேய்ன் கிறிஸ்டியன், தானே வளர்ப்பு இல்லத்தில் வளர்ந்தவர். அந்த அக்டோபரில் பிரின்ஸ் ஜார்ஜிலிருந்து வான்கூவர் வரைக்கும் ஒரு பயணம் நடத்தி, மாகாண அமைச்சரின் வீட்டு வாசலிலேயே போய் நின்றார்கள். மாகாணம் இறங்கி வந்து ஒப்பந்தம் போட்டது. மற்ற சமூகங்கள் அதே வழியில் போக முயன்றபோது ஒட்டாவா கதவைச் சாத்திவிட்டது. அது திறக்க ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆயின.

அப்படித் திறந்த சட்டம் 2019இல் நிறைவேறி, 2020 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. பிள்ளைகள் விஷயத்தில் சட்டம் இயற்றுவது பூர்வகுடிகளின் இயல்பான உரிமை என்று அது ஒப்புக்கொள்கிறது. வறுமை, வீட்டு வசதியின்மை போன்ற காரணங்களுக்காக மட்டும் பிள்ளையை எடுக்கக் கூடாது என்கிறது. எடுத்தே ஆக வேண்டுமென்றால் முதலில் பெற்றோரில் ஒருவர், அடுத்து உறவினர், அடுத்து அதே சமூகத்தவர் என்று வரிசை சொல்கிறது. கியூபெக் மாகாணம் இதை எதிர்த்து வழக்காடியது. 2024 பிப்ரவரி 9 அன்று உச்ச நீதிமன்றம், சட்டம் முழுவதும் செல்லும் என்று ஒருமனதாகச் சொல்லிவிட்டது.

இந்தச் சட்டத்தின் கீழ் முதல் ஒப்பந்தம் போட்டது சஸ்காட்சுவானின் கவ்செஸ் சமூகம். அதற்கு இரண்டு வாரம் முன்பு, தங்கள் நிலத்திலிருந்த மரிவால் உறைவிடப் பள்ளி அருகே அடையாளமற்ற 751 கல்லறைகளைக் கண்டதாக அதே சமூகம் அறிவித்திருந்தது. அவை எல்லாம் பிள்ளைகளுடையவை என்று சொல்ல முடியாது. அப்போதைய தலைவர் காட்மஸ் டெலோர்மும் அப்படிச் சொல்லவில்லை. அந்தத் துக்கம் கலையாத 2021 ஜூலை 6 அன்று, பிரதமரும் மாகாண முதல்வரும் அங்கே போய்க் கையெழுத்திட்டார்கள். கவ்செஸ் சட்டத்தின் பெயர் 'மியோ பிமாடிசோவின்'. க்ரீ மொழியில், நல்வாழ்வை நோக்கிய முயற்சி என்று பொருள்.

சரி, உங்கள் பயத்துக்கு வருகிறேன். அது நியாயமான பயம்தான். மனிடோபாவில் ஃபீனிக்ஸ் சின்க்ளேர் என்ற ஐந்து வயதுச் சிறுமி 2005இல் கொல்லப்பட்டாள். பொறுப்பைப் பூர்வகுடி ஏஜென்சிகளுக்கு மாற்றிக்கொண்டிருந்த காலம் அது. அவள் சாவைக் காட்டித்தான் இன்றும் பலர் இந்த மாற்றத்தை எதிர்க்கிறார்கள். ஆனால் அவள் கோப்பைக் கடைசியாக வைத்திருந்தது வினிபெக்கின் மாகாண ஏஜென்சி. பணியாளர்கள் வீடு வரைக்கும் போய், பிள்ளையைக் கண்ணால் பார்க்காமலேயே திரும்பிக் கோப்பை மூடினார்கள். அவள் இறந்த செய்தி வெளியே வர அடுத்த ஆண்டு ஆனது. பொறுப்பு பூர்வகுடிகள் கையில் இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்று நான் சொல்ல மாட்டேன். பூர்வகுடி ஏஜென்சியின் பொறுப்பிலும் பிள்ளைகளுக்குத் தீங்கு நேரலாம். நேர்ந்தால் விசாரிக்க வேண்டும், தண்டிக்க வேண்டும். புதிய சட்டத்தின் கீழும் குழந்தையின் நலனே முதன்மை. கனடாவின் உரிமைகள் சாசனம் பூர்வகுடிச் சட்டங்களையும் கட்டுப்படுத்தும். நீதிமன்றக் கதவு யாருக்கும் மூடவில்லை.

மனிடோபா எனக்குச் சொல்லும் பாடம் வேறு. அங்கே ஏஜென்சியைக் கொடுத்தார்கள். சட்டத்தையும் பண மூட்டையையும் மாகாணமே வைத்துக்கொண்டது. கோப்புகள் கை மாறின. பிள்ளைகளை வெளியே தள்ளும் விதிகள் அப்படியே இருந்தன. பெயர்ப்பலகையை மட்டும் மாற்றிவிட்டு, நடந்த தவறுக்கெல்லாம் உள்ளூர்க்காரரைக் கைகாட்டுவது கொடுமை. 2019 சட்டத்திலும் இந்த ஆபத்து இருக்கிறது. உரிமையைத் தெளிவாக எழுதியவர்கள், நிதியை ஒவ்வொரு சமூகத்தோடும் தனித்தனிப் பேச்சுவார்த்தைக்கு விட்டுவிட்டார்கள். கவ்செஸ் ஒப்பந்தத்தில் அறிவித்த 3 கோடியே 87 லட்சம் டாலர், முதல் இரண்டு ஆண்டுகளுக்கானது. பிறக்கும் ஒரு பிள்ளைக்குப் பதினெட்டு ஆண்டு வளர்ப்பு இருக்கிறது.

கனடாவில் வரி கட்டுபவர், வாக்குப் போடுபவர் என்றால் உங்கள் தொகுதி எம்.பி.யிடம் போய்க் கேளுங்கள். 'அவர்களிடம் கொடுக்கலாமா' என்று கேட்க வேண்டாம். அதை உச்ச நீதிமன்றமே முடித்துவிட்டது. நிதி எத்தனை ஆண்டுக்கு, அதில் பிள்ளை வீட்டிலேயே இருக்க உதவும் வேலைக்கு எவ்வளவு என்று கேளுங்கள். பதில் கிடைத்தால் எங்களுக்கும் எழுதுங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன்.