அந்தக் கொடிக்கு எத்தனை வயது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் இத்தாலியில், மோன் பிளாங் மலையடிவாரத்தில் இரண்டு நாள் தங்கினோம். அங்கே ‘பிளாங் தெ மோர்ஜே’ என்ற வெள்ளை ஒயின் கொடுத்தார்கள். உயரமான மலையில் விளைந்தது, ரொம்பப் பழைய திராட்சைக் கொடி என்று விடுதிக்காரருக்கு ஒரே பெருமை. குடித்தால் உப்பு போடாத எலுமிச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. பழைய கொடி என்றால் சுவை அடர்த்தியாக இருக்க வேண்டாமா? ஏமாந்துவிட்டேனா?

க.

அன்புள்ள க.,

ஏமாறவில்லை. அந்த எலுமிச்சைத் தண்ணீர்தான் அந்த ஒயின்.

அந்த மலையடிவாரப் பள்ளத்தாக்கில் மோர்ஜே, லா சால் என்ற இரண்டு ஊர்களைச் சுற்றி 900 முதல் 1200 மீட்டர் உயரத்தில் விளையும் பிரியே பிளாங் திராட்சை அது. கோடை குறுகியது, சீக்கிரம் பழுக்கும் ரகம்தான் அங்கே பிழைக்கும். இரவுக் குளிரில் புளிப்பு குறையாது, சர்க்கரையும் அதிகம் ஏறாது. அதனால் ஒயின் லேசாகத்தான் வரும். பந்தலையும் தாழ்வாகவே போடுகிறார்கள். பகலில் தரை வாங்கிய சூடு இரவில் குலைகளுக்குக் கிடைக்கும், காற்றும் அவ்வளவாக அடிக்காது. அறுவடைக்காரர்களின் முதுகுதான் பாவம்.

‘பழைய கொடி’ என்று லேபிளில் பார்த்தால் நானும் சந்தேகப்படுவேன். எத்தனை வயதானால் பழையது என்று பல நாடுகளில் சட்டமே கிடையாது. ஆனால் இங்கே விஷயம் வேறு. 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்ஸெரா பூச்சி ஐரோப்பியத் திராட்சையின் வேரைத் தின்று தீர்த்தது. அப்புறம் அமெரிக்கக் கொடியின் வேரில் உள்ளூர் ரகத்தை ஒட்டுக்கட்டித்தான் பெரும்பாலான தோட்டங்கள் பிழைத்தன. இந்தப் பள்ளத்தாக்கின் உச்சிக்கு அந்தப் பூச்சி ஏறவில்லை. மோர்ஜே கொடிகள் இன்றும் சொந்த வேரில் நிற்கின்றன.

சொந்த வேர் என்பதால் பதியன் போட முடிகிறது. நம் வீட்டில் மல்லிகைக்குச் செய்வதுதான்: கிளையை வளைத்து மண்ணில் புதைத்தால் அது வேர்விட்டுப் புதுக் கொடியாகும். தாய்க்கொடி பட்டுப்போனாலும் பிள்ளை நிற்கும், அதன் பிள்ளையும் நிற்கும். இதில் எந்த வருடத்திலிருந்து வயதை எண்ணுவது? விடுதிக்காரர் பழையது என்றதைப் பொய் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அதற்காக ஒயின் கனமாகிவிடாது.

மறுபடி போனால் தனியாகக் குடிக்காதீர்கள். ஊர்க்காரர்கள் செய்யும் ஃபொன்டீனா பாலாடைக்கட்டியோடு கேளுங்கள். கட்டியின் கொழுப்புக்கு அந்தப் புளிப்பு வேண்டும். வாங்கிவந்த பாட்டில் ஏதாவது இருந்தால் பத்திரப்படுத்த வேண்டாம், இந்த வருடமே திறந்துவிடுங்கள்.