புகைபோக்கிக்குள் பாய்ந்த விமானம்: வாசகர் கடிதமும் பதிலும்

ஐயா, வணக்கம்.

கடற்போர்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்து வருகிறேன். பகாங் மாநிலத்தில் குவாந்தான் அருகே ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர் என் தாத்தா. ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு கதையைத் தவறாமல் சொல்வார். வெள்ளைக்காரனின் மூழ்காத கப்பலான 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸை' எந்தக் குண்டாலும் அசைக்க முடியாமல் போகவே, ஜப்பானிய விமானி ஒருவர் விமானத்தோடு அதன் புகைபோக்கிக்குள் பாய்ந்து உயிரைக் கொடுத்தார் என்றும், கப்பல் அந்த இடத்திலேயே இரண்டாகப் பிளந்து மூழ்கியது என்றும் சொல்வார். இது உண்மையா? உண்மை இல்லையென்றால் அவ்வளவு பெரிய கப்பல் எப்படி ஒரே மதியத்தில் மூழ்கியது? கப்பற்படைத் தலைவர் முட்டாள்தனமாக நடந்துகொண்டதுதான் காரணம் என்று சிலர் எழுதுகிறார்களே, அது சரியா?

ஈப்போவிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் தாத்தா சொன்ன கதையைச் சிறுவயதில் நானும் கேட்டிருக்கிறேன். எனக்குச் சொன்னவர் 1942-இல் பர்மாவிலிருந்து கால்நடையாக ஊர் திரும்பிய ஒரு முதியவர். அவர் சொன்னதிலும் விமானி புகைபோக்கிக்குள்தான் பாய்ந்தார், கப்பல் இரண்டாகத்தான் பிளந்தது. எனவே இந்தக் கேள்விக்குப் பதில் எழுதும்போது, அவர்கள் இருவரையும் எதிரே உட்கார வைத்துப் பேசுவதுபோல் உணர்கிறேன்.

கதை உண்மையில்லை. 1941 டிசம்பர் 10 அன்று, மலாயாவின் கிழக்குக் கரைக்கு அப்பால், பிரின்ஸ் ஆஃப் வேல்ஸையும் உடன் சென்ற 'ரிபல்ஸ்' கப்பலையும் தாக்கிய 80-க்கும் மேற்பட்ட ஜப்பானிய விமானங்களில் மூன்று சுட்டு வீழ்த்தப்பட்டன. அவற்றில் எதுவும் புகைபோக்கிக்குள் பாயவில்லை. உயிரைக் கொடுத்து மோதுவதையே முறையாகக் கொண்ட 'காமிகாசி' தாக்குதல் பிலிப்பீன்ஸ் கடலில் 1944 அக்டோபரில்தான் தொடங்கியது. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் பிளக்கவும் இல்லை. இடப்பக்கமாகச் சாய்ந்து, கவிழ்ந்து மூழ்கியது. இன்றும் கடலடியில் தலைகீழாகவே கிடக்கிறது.

ஆனால் கதைக்கு ஒரு விதை இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். அந்த வகைக் கப்பல்களில், இரண்டு புகைபோக்கிகளுக்கும் இடையே உளவு விமானத்தை ஏவுவதற்கான தளம் ஒன்று இருந்தது. தாக்குதலின் கடைசிக் கட்டத்தில் 500 கிலோ எடையுள்ள குண்டு ஒன்று அந்தத் தளத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய், காயமடைந்தவர்களைக் கிடத்தியிருந்த கூடத்தில் வெடித்தது. புகைபோக்கிகளுக்கு நடுவே ஏதோ விழுந்ததையும் கப்பலின் வயிற்றுக்குள் நெருப்பு எழுந்ததையும் கண்டவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்திருப்பார்கள். அவர்களில் உயிர் பிழைத்தவர்களின் பேச்சு சிங்கப்பூர்த் துறைமுகத்திலிருந்து தோட்டத்து லயங்கள்வரை வந்து சேருவதற்குள், குண்டு விழுந்த இடத்தில் ஒரு மனிதர் வந்து அமர்ந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் கப்பலை மூழ்கடித்தது எது? காலை 11.44 மணி அளவில் இடப்பக்கப் பின்பகுதியில் பட்ட ஒரே ஒரு டார்பிடோதான் (நீருக்கடியில் பாய்ந்து வந்து வெடிக்கும் குண்டு) அதன் விதியை முடிவு செய்தது என்பது என் உறுதியான கருத்து. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் 1941-இல்தான் படையில் சேர்ந்த புதுக் கப்பல். 14 அங்குலப் பீரங்கிகள் பத்து, விமானங்களைச் சுடுவதற்கென 5.25 அங்குலப் பீரங்கிகள் பதினாறு, பக்கவாட்டில் தடித்த கவசம் என்று அதற்குக் குறையேதும் இருக்கவில்லை. கப்பலின் நடுப்பகுதியில் டார்பிடோ பட்டால் தாங்கிக்கொள்வதற்காக அடுக்கடுக்கான அறைகளும் இருந்தன. ஆனால் எந்தப் போர்க்கப்பலிலும் புரொப்பெல்லர் இருக்கும் வால்பகுதிக்கு அந்தக் காப்பைக் கொடுக்க முடியாது. டார்பிடோ சரியாக அங்கேதான் பட்டது. புரொப்பெல்லரைச் சுழற்றும் நீண்ட தண்டான ஷாஃப்டுகளில், இடப்பக்க வெளி ஷாஃப்டைத் தாங்கிப் பிடித்திருந்த இரும்புத் தாங்கி நொறுங்கியது. பிடிமானம் இழந்த ஷாஃப்ட் முழு வேகத்தில் சுழன்றபடியே தன்னைச் சுற்றியிருந்த தடுப்புச் சுவர்களின் அடைப்புகளையெல்லாம் கிழித்தெறிந்தது. வால்பகுதியிலிருந்து எந்திர அறைவரை நீண்டிருந்த ஷாஃப்டின் குகைவழி கடல்நீருக்குத் திறந்த வாய்க்காலாகிவிட்டது.

சில நிமிடங்களில் ஏறத்தாழ 2,400 டன் நீர் உள்ளே புகுந்தது. கப்பல் 11 டிகிரிக்கு மேல் சாய்ந்தது. வேகம் 25 நாட்டிலிருந்து (நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்) 16 நாட்டாகக் குறைந்தது. இவற்றைவிடக் கொடியது மின்சாரம் போனதுதான். எட்டு டைனமோக்களில் ஐந்து நின்றுவிட்டதால், கப்பலின் பின்பாதியில் விளக்கு எரியவில்லை, நீரை இறைக்கும் பம்புகள் ஓடவில்லை, தொலைபேசி பேசவில்லை, சுக்கான் அசையவில்லை, விமானங்களைச் சுட வேண்டிய பீரங்கிகள் திரும்பவில்லை. மின்சாரம் கிடைத்துக்கொண்டிருந்த பீரங்கிகளும், கப்பல் சாய்ந்திருந்ததால், தாழப் பறந்து வரும் விமானங்களை நோக்கித் தேவையான அளவு குனிய முடியவில்லை. கப்பல் தன் கட்டுப்பாட்டில் இல்லை என்று அறிவிக்கும் இரண்டு கறுப்புப் பந்துகளைக் கொடிமரத்தில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு வலப்பக்கம் பட்ட டார்பிடோக்கள், ஏற்கெனவே செயலிழந்த ஒரு கப்பலின் மீது பட்டவைதான். 2007-இல் கடலடியில் ஆராய்ந்த முக்குளிப்போர், அந்த வெளி ஷாஃப்டின் அருகே உடலைப் பிளந்திருந்த ஓட்டையை நேரில் பார்த்தார்கள். அன்று உயிர் தப்பியவர்கள் சொன்னதும் இதுவும் ஒத்துப்போகின்றன.

இதில் என் மனத்தை வருத்தும் ஒரு பொருத்தம் உண்டு. அதே ஆண்டு மே மாதம் ஜெர்மனியின் 'பிஸ்மார்க்' கப்பலை எதிர்த்து நின்றதும் இதே பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்தான். அந்தப் பிஸ்மார்க்கின் ஓட்டம் அடங்கியதும், பழைய துணிச் சிறகு விமானம் ஒன்று போட்ட டார்பிடோ சுக்கானைச் சிதைத்ததால்தான். வால்பகுதியில் படும் ஓர் அடி எப்பேர்ப்பட்ட கப்பலையும் நிறுத்திவிடும் என்பதை இந்தக் கப்பலில் இருந்தவர்கள் நன்றாகவே அறிந்திருப்பார்கள். ஏழு மாதங்கூட ஆகவில்லை.

உடன் சென்ற 'ரிபல்ஸ்' 1916-இல் படையில் சேர்ந்த பழைய கப்பல். ஆயினும் அதன் தலைவர் வில்லியம் டென்னன்ட், முந்தைய ஆண்டு பிரான்சின் டன்கர்க் கரையிலிருந்து படைகளை மீட்டபோது அங்கே பொறுப்பிலிருந்தவர், தம் கப்பலை ஒரு படகைப்போல வளைத்து வளைத்து ஓட்டி 19 டார்பிடோக்களிலிருந்து தப்ப வைத்ததாகச் சொல்வார்கள். கடைசியில் பல திசைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் விமானங்கள் வந்தபோது, ஒன்றுக்கு விலகினால் மற்றொன்றுக்கு விலாவைக் காட்ட வேண்டியதாயிற்று. 12.33-க்கு ரிபல்ஸும், முக்கால் மணி நேரம் கழித்து 1.18 அளவில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸும் மூழ்கின. இரண்டிலுமாக 840 பேர் இறந்தனர். கூட வந்த நாசகாரிக் கப்பல்கள் 2,000-க்கு மேற்பட்டோரை மீட்டன.

இன்றைய வியட்நாமின் சைகோன் அருகிலிருந்த தளங்களிலிருந்து 400 மைலுக்கும் மேல் பறந்து வந்து டார்பிடோ போடுவதற்கு ஜப்பானியரால் இயலும் என்று பிரிட்டிஷ் தரப்பு நம்பவில்லை. வந்த விமானிகளோ அதையே பல ஆண்டுகள் பயின்றவர்கள். குறித்த உயரத்தில், குறித்த தொலைவில், எதிரே சீறும் குண்டுகளுக்கு நடுவே கோடு பிசகாமல் பறந்து, டார்பிடோவை விட்டுவிட்டு உயிரோடு திரும்புவது அவர்களுடைய தொழில். தாத்தாவின் கதை அவர்களுக்குத் தியாகி என்ற பெயரைக் கொடுத்துவிட்டு, அந்தத் திறமையை மறைத்துவிடுகிறது.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. தலைவர் அட்மிரல் டாம் பிலிப்ஸை முட்டாள் என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. டிசம்பர் 8 அதிகாலையில் ஜப்பானியர் மலாயாவின் வடகிழக்குக் கரையிலுள்ள கோத்தா பாருவில் கரையிறங்கிவிட்டனர். அங்கே இந்தியப் படைப்பிரிவுகள் மடிந்துகொண்டிருந்தன. அன்று மாலை அவர் சிங்கப்பூரிலிருந்து புறப்படாமல், இரண்டு பெரும் போர்க்கப்பல்களைத் துறைமுகத்தில் கட்டிவைத்துக்கொண்டு பார்த்திருந்தால் வரலாறு அவரைக் கோழை என்றிருக்கும். துணைக்கு வர வேண்டிய 'இன்டாமிட்டபிள்' என்ற விமானந்தாங்கிக் கப்பல் நவம்பர் 3 அன்று ஜமைக்கா அருகே தரைதட்டிவிட்டது. அதற்கு அவர் பொறுப்பல்ல. கரையிறங்கும் இடங்களுக்கு மேலே போர் விமானக் காவல் தர இயலாது என்று சிங்கப்பூரிலிருந்து செய்தி வந்தபோதும், எதிரி அறியாமல் போய்த் தாக்கலாம் என்ற நம்பிக்கையில் சென்றார். 9-ஆம் தேதி மாலை எதிரியின் விமானங்கள் தம்மைப் பார்த்துவிட்டன என்று தெரிந்ததும் திரும்பிவிட்டார். இதுவரை அவர் செய்த ஒவ்வொன்றுக்கும் நியாயம் சொல்ல முடியும்.

நியாயம் சொல்ல முடியாதது, அதன் பிறகு அவர் காத்த மௌனம். நள்ளிரவில், உங்கள் தாத்தாவின் குவாந்தானில் எதிரி இறங்குவதாகத் தவறான செய்தி வந்தது. அவர் கப்பல்களை அங்கே திருப்பினார். ஆனால் திருப்பியதைச் சிங்கப்பூருக்குச் சொல்லவில்லை. வானொலியில் பேசினால் எதிரி இடத்தைக் கண்டுகொள்வான் என்பது அவருடைய அச்சம். செய்தியை அனுப்பியவர்களே பிலிப்ஸின் கப்பல்கள் அங்கே போகும் என்று ஊகித்து விமானங்களை அனுப்புவார்கள் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். சிங்கப்பூரில் எவரும் அப்படி ஊகிக்கவில்லை. விடிந்தபோது குவாந்தான் கரை அமைதியாக இருந்தது. எரிபொருள் குறைந்ததால் முன்னரே திருப்பி அனுப்பப்பட்டிருந்த 'டெனிடோஸ்' என்ற நாசகாரி, பத்து மணி அளவில் தன்மீது குண்டு விழுவதாக வானொலியில் அறிவித்தது. அப்போதும் பிலிப்ஸ் பேசவில்லை. 11.13-க்கு ரிபல்ஸ் மீதே குண்டு விழுந்தது. மறைப்பதற்கு இனி எதுவும் இல்லாத அந்த நிமிடத்திலும் அவர் பேசவில்லை.

கடைசியில் 11.58-க்கு, தலைவரிடமிருந்து விடை வராத நிலையில், டென்னன்ட்தான் தாமாகவே சிங்கப்பூருக்குச் செய்தி அனுப்பினார். சிங்கப்பூரின் செம்பாவாங் தளத்தில் இந்தக் கப்பல்களுக்கென்றே காத்திருந்த ஆஸ்திரேலியப் படைப்பிரிவின் பஃபலோ விமானங்கள், செய்தி கைக்கு வந்த சில நிமிடங்களில் கிளம்பின. ஒரு மணி நேரத்திற்கும் குறைவான பறப்பு. அவை வந்து சேர்ந்தபோது பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மூழ்கிக்கொண்டிருந்தது; கீழே எண்ணெய் படர்ந்த நீரில் நூற்றுக்கணக்கான தலைகள் மிதந்தன. பஃபலோ மெதுவான விமானம், ஜப்பானின் ஜீரோ விமானத்துக்கு ஈடாகாது என்பதெல்லாம் உண்மை. ஆனால் அன்று வந்த குண்டுவீச்சு விமானங்களுக்குத் துணையாக ஒரு ஜீரோகூட வரவில்லை. டார்பிடோ போட வருபவனுக்கு நேரான, நடுங்காத பறப்பு வேண்டும். பத்துப் பதினோரு பஃபலோக்கள் குறுக்கே புகுந்திருந்தாலே பலருடைய குறி தவறியிருக்கும். கப்பல்கள் கட்டாயம் தப்பியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். 11.44-க்கு வந்த அந்த ஒரு டார்பிடோ சில அடி தள்ளிப் போயிருக்கக் கூடும் என்றே சொல்வேன். பிலிப்ஸும் அவருடைய கப்பலின் தலைவர் ஜான் லீச்சும் கப்பலோடே இறந்தனர். எனவே அந்த மௌனத்துக்கான காரணத்தை அவர் வாயால் எவரும் கேட்கவில்லை.

இதற்கு முன்பும் விமானங்கள் போர்க்கப்பல்களை மூழ்கடித்ததுண்டு. 1940 நவம்பரில் இத்தாலியின் டாரன்டோவிலும், மூன்று நாள் முன்பு பேர்ல் ஹார்பரிலும் மூழ்கியவை துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்த கப்பல்கள். திறந்த கடலில் ஓடிக்கொண்டும் திருப்பிச் சுட்டுக்கொண்டும் இருந்த பெருங்கப்பல்களை விமானங்கள் மட்டுமே அழித்தது இதுவே முதல் முறை. லண்டனில் தொலைபேசியில் இதைக் கேட்ட சர்ச்சில், போர்க்காலம் முழுவதிலும் இதைவிட நேரடியான அதிர்ச்சி தமக்கு வந்ததில்லை என்று பின்னாளில் எழுதினார். மலாயாவின் கிழக்குக் கரைக்கு அதற்குப் பிறகு கடற்காவல் என்று எதுவும் இருக்கவில்லை. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. அடுத்துத் தோட்டத்துத் தமிழர்கள் சயாம் ரயில் பாதைக்குக் கூட்டம் கூட்டமாக இழுத்துச் செல்லப்பட்டதை உங்கள் வீட்டிலும் பேசியிருப்பார்கள்.

தாக்கியவர்களில் ஒருவரான ஹாருகி இகி, சில நாட்கள் கழித்து அந்தக் கடற்பகுதியின் மேல் பறந்து இரண்டு மலர்வளையங்களைப் போட்டார் என்பது பதிவாகியிருக்கிறது. ஒன்று இறந்த தம் தோழர்களுக்கு, மற்றொன்று பிரிட்டிஷ் மாலுமிகளுக்கு. அவர்களில் பலருடைய எலும்புகள் இன்னும் அந்தக் கப்பல்களுக்குள் இருக்கின்றன. அப்படியிருந்தும் பழைய இரும்புக்காக அவற்றை வெட்டித் திருடுகிறார்கள். 2023-இல்கூட மலேசியக் கடலோரக் காவலர்கள் அந்தச் சந்தேகத்தின் பேரில் ஒரு கப்பலைத் தடுத்து வைத்தார்கள். அதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். குவாந்தான் கரையிலிருந்து அந்த இடம் அறுபது, எழுபது மைல்தான். தாத்தா அன்று ஏதேனும் முழக்கம் கேட்டதாகச் சொன்னாரா, கப்பல் மூழ்கிய செய்தியைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தவர் கிராணியா (தோட்டத்துக் கணக்கர்), கடைக்காரரா, ஓடிவந்த சிப்பாயா, புகைபோக்கிக் கதையை அவர் முதன்முதலாக எப்போது, யாரிடம் கேட்டார் என்பதெல்லாம் உங்கள் வீட்டுப் பெரியவர்களில் யாருக்கேனும் நினைவிருந்தால், அவர்கள் சொன்னபடியே எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்.