ஸ்கண்டோலாவில் படகிலிருந்து இறங்க முடியுமா?

பிரான்சின் கோர்சிகாத் தீவின் மேற்குக் கரையில் உள்ள ஸ்கண்டோலா இயற்கைக் காப்பகத்துக்குப் படகில் போனால் கரையில் இறங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. 1975இல் அமைக்கப்பட்ட இந்தக் காப்பகத்தில் மீன்பிடிக்கவும் கரையேறவும் தடை. படகில் அமர்ந்தபடியே பார்க்க வேண்டியதுதான்.

இறங்க வேண்டுமென்றால் அதன் தெற்கே ஜிரோலாட்டா இருக்கிறது. கார் போகும் சாலையே இல்லாத சிற்றூர். கடல் வழியாகவோ மலைப்பாதையில் நடந்தோதான் போக முடியும். மேட்டில் இத்தாலியின் ஜெனோவா நகரத்தார் கட்டிய கோட்டை. 1540இல் துருக்கியக் கடற்தளபதி துர்குத் ரெயிஸ் பிடிபட்டது இங்கேதான். போர்த்தோ, கால்வி ஊர்களிலிருந்து வரும் படகுகள் பலவும் இங்கே மதிய உணவுக்கு நிறுத்துகின்றன.

என்னைக் கேட்டால் பெரிய படகைவிடச் சிறியதே மேல், அலையில் கொஞ்சம் தூக்கிப் போட்டாலும். பாறை இடுக்குகளுக்குள் அதுதான் நுழையும். எரிமலைக் குழம்பு இறுகிய செம்பாறை கைக்கெட்டும் தூரத்தில் வரும். நீர்மட்டத்தை ஒட்டி, திண்ணை போல ஒரு வெளிறிய விளிம்பு தெரியும். அது பாறையல்ல, சுண்ணாம்புப் பாசி கட்டியது.

பாறை உச்சியில் சுள்ளிக் குவியல் தெரிந்தால் அது விராலடிப்பான் என்ற, மீன் பிடித்துத் தின்னும் கழுகு போன்ற பறவையின் கூடு. குளிர்காலத்தில் நம் ஊர் ஏரிகளுக்கு வரும் அதே இனம்தான். கூடு கட்டும் பருவத்தில் படகுகள் நெருங்கினால் மிரண்டு எழும், குஞ்சுகள் பட்டினி கிடக்கும். ஆகவே ஓட்டுநர் தள்ளியே நிறுத்தினால் கோபிக்காதீர்கள்.

சொந்தமாகப் படகு வாடகைக்கு எடுப்பவர்கள் பொசிடோனியா கடற்புல் மேல் நங்கூரம் போட வேண்டாம். தெளிந்த நீரில் கரும்பச்சைத் திட்டாகத் தெரிவது அதுதான்; பிய்ந்தால் மறுபடி வளரப் பல்லாண்டுகள் ஆகும்.