பட்டறைப் பதில்கள்: உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி

போன மாதம் தண்ணீர் மோட்டாரைப் பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதி, சம்பந்தமே இல்லாமல் புல்வெட்டி வண்டியைப் பற்றி இருந்தது. நம்ம பக்கம் இந்த வண்டி இத்தனை இருக்கிறதா என்று எனக்கே ஆச்சரியம்தான். யோசித்தால் இருக்கத்தானே செய்யும்! பாளையங்கோட்டையில் திரும்பிய பக்கமெல்லாம் பள்ளி, கல்லூரி மைதானம். குற்றாலம் பக்கம் தங்கும் விடுதிகள். இங்கே ஓடுகிறவை பெரும்பாலும் அமெரிக்க வண்டிகள், கைமாறிக் கைமாறி வந்தவை. கூட வந்த புத்தகம் எப்போதோ காணாமல் போயிருக்கும். சரி, இந்த மாதம் முழுக்க அதற்கே.

எங்கள் பள்ளி மைதானத்து வண்டி 17.5 குதிரைத்திறன், ஒற்றை சிலிண்டர். சாவியைத் திருப்பினால் இஞ்சின் அரைச்சுற்று சுற்றி 'டக்'கென்று நிற்கிறது. பேட்டரி புதுசு. இஞ்சினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாரையும் காயில் கட்டி மாட்டியாச்சு. இப்போது சிலிண்டரைக் கடைந்து போர் போட வேண்டும் என்கிறார் மெக்கானிக். போடலாமா?
– உடற்கல்வி ஆசிரியர், பாளையங்கோட்டை

போடாதீங்க சார். இதே தப்பை நானே செய்திருக்கிறேன். பத்து வருடம் முன்னால் ஒரு கல்லூரி வண்டிக்கு முதலில் பேட்டரி மாற்றச் சொன்னேன். அடுத்து செல்ஃப். அந்தத் தோட்டக்காரர் மூன்றாம் தடவை வந்து நின்று, "நீரு சொன்னதெல்லாம் மாத்தியாச்சு அண்ணாச்சி, இப்பமும் அதே கதைதான்" என்றபோது எனக்கு முகமே இல்லை. அன்று ராத்திரி உட்கார்ந்து வால்வு மூடியைக் கழற்றிய பிறகுதான் விஷயம் விளங்கியது.

இவ்வளவு பெரிய ஒற்றை சிலிண்டரின் கம்ப்ரஷனை, அதாவது உள்ளே அமுங்கும் காற்றின் அழுத்தத்தை, அந்தச் சின்ன செல்ஃப் மோட்டாரால் தள்ள முடியாது. அதனால் வால்வுகளைத் திறக்கிற கேம் ஷாஃப்டிலேயே ஒரு சின்ன மேடு வைத்திருப்பார்கள். ஸ்டார்ட் செய்கிற வேகத்தில் அது ஒரு வால்வை இம்மியளவு தூக்கிக் கொஞ்சம் காற்றை வெளியே விடும். இஞ்சின் பிடித்ததும் மேடு ஒதுங்கிவிடும். நாள்பட ஓடி, வால்வுத் தண்டுக்கும் அதை அமுக்கும் ராக்கருக்கும் நடுவே உள்ள டாப்பெட் இடைவெளி கூடிப்போனால் அந்த மேடு வால்வை எட்டாது. காற்று போக வழியில்லை, முழு கம்ப்ரஷனும் செல்ஃப் தலையில் விழுகிறது. அதுதான் உங்கள் 'டக்'.

பிளக்கைக் கழற்றுங்கள். வால்வு மூடியை எடுங்கள். இளநீர்க் கடை ஸ்ட்ரா ஒன்றை பிளக் ஓட்டையில் விட்டு, மேலே இருக்கும் ஃப்ளைவீலைக் கையால் கடிகாரம் சுற்றுகிற பக்கமே மெதுவாகத் திருப்புங்கள். இரண்டு வால்வும் மூடியிருக்க, ஸ்ட்ரா உச்சிக்கு வந்து கால் அங்குலம் கீழே இறங்கியதும் நிறுத்துங்கள். உச்சியிலேயே வைத்து அளந்தால் அந்த மேடு குறுக்கே நின்று கணக்கைக் கெடுக்கும். இப்போது ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே பீலர் கேஜ், அதாவது இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு, விடுங்கள். பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் கம்பெனியின் ஒற்றை சிலிண்டர் இஞ்சின், வால்வு மேலே இருக்கும் ரகம் என்றால், காற்று உள்ளே வரும் இன்டேக் வால்வுக்கு 0.08 முதல் 0.13 மில்லிமீட்டர், புகை வெளியே போகும் எக்ஸாஸ்ட் வால்வுக்கு 0.13 முதல் 0.18. வேறு இஞ்சினுக்கு அளவு வேறு, அதற்கு உரியதைப் பார்த்துக்கொள்ளுங்கள். தகடு தொளதொளவென்றும் போகக்கூடாது, மல்லுக்கட்டவும் கூடாது. புதுச் சீட்டுக்கட்டின் நடுவிலிருந்து ஒரு சீட்டை உருவுகிற மாதிரி லேசாகப் பிடிக்க வேண்டும்.

ஒன்று மறந்துவிட்டேன். இந்த வண்டியில் போல்ட் நட்டு பெரும்பாலும் இஞ்சுக் கணக்கு. 9/16 இஞ்சு என்பது 14.3 மில்லிமீட்டர். 14 ஸ்பானர் நுழையாது, 15 போட்டு அழுத்தினால் நட்டு மூலை மழுங்கிவிடும். என்னிடம் வருகிற வண்டிகளில் முக்கால்வாசி நட்டு ஏற்கெனவே உருண்டையாகத்தான் வருகிறது. இஞ்சு ஸ்பானர் ஒரு செட் வாங்கிவிடுங்கள். நீங்கள் செல்ஃபுக்குக் காயில் கட்டிய காசைவிட அதிகம் ஆகாது.

ஆக்ஸிலேட்டர் குச்சி பக்கத்தில் ஆமைப் படமும் முயல் படமும் இருக்கிறது. பெட்ரோல் மிச்சம் ஆகட்டும் என்று ஆமையிலேயே வைத்து வெட்டுகிறோம். ஆனாலும் வண்டி கொதிக்கிறது, புகை வாடை அடிக்கிறது.
– வாசகர், வள்ளியூர்

ஆமையில் வைப்பதால்தான் கொதிக்கிறது. இந்த இஞ்சினுக்கு ரேடியேட்டர் கிடையாது. ஃப்ளைவீலோடு சுற்றுகிற விசிறிதான் அதற்குக் காற்று. வேகத்தைக் குறைத்தால் காற்றும் குறைந்தது, கத்தி வேகமும் குறைந்தது, புல் வெட்டுப்படாமல் பிய்ந்து நுனி வெளுத்துப் போகும். வெட்டும்போது முயலில் வையுங்கள். மெதுவாகப் போக வேண்டுமென்றால் கியரைக் குறையுங்கள்.

முயலில் வைத்தும் கொதித்தால் இஞ்சின் மேல் மூடியைக் கழற்றிப் பாருங்கள். தோப்பு ஓரம் நிற்கிற வண்டி என்றால் உள்ளே அணில் கூடு இருக்கும். ஒரு தடவை நான் இரண்டு கை கொள்ளாத தென்னை நாரை வெளியே எடுத்தேன். சூட்டை வெளியேற்றும் சிலிண்டர் ஃபின் தகடு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஆடிக் காற்றுப் புழுதியும் ஆயிலும் சேர்ந்து அங்கே செங்கல் மாதிரி பிடித்திருக்கும். குச்சியால் சுரண்டி, காற்றடித்து எடுங்கள். இஞ்சின் சூடாக இருக்கும்போது தண்ணீர் பீய்ச்சாதீர்கள்.

கத்தியைச் சுற்றும் பெல்ட் பதினைந்து நாளுக்கு ஒன்று கருகிப் போகிறது. மாவு மில் பெல்ட் அதே அளவில் கிடைத்ததே என்று போட்டேன். எங்கே தப்பு?
– தென்னந்தோப்புக்காரர், கடையம்

அளவு அதேதான், சாதி வேறு. மில்லில் பெல்ட் எப்போதும் இறுக்கமாக ஒரே சீராக ஓடும். இந்த வண்டியிலோ நீங்கள் லிவரைப் போடுகிற ஒவ்வொரு தடவையும் ஐட்லர் புல்லி என்கிற இறுக்கும் சக்கரம் பெல்ட்டின் முதுகில் வந்து அழுத்தும். பிடிக்கிற வரைக்கும் பெல்ட் வழுக்கித்தான் ஆக வேண்டும். அந்தச் சூட்டுக்கும் இழுப்புக்கும் அராமிட் நூல் வைத்த பெல்ட் வேண்டும். கடையில் 'கெவ்லர் பெல்ட்' என்று கேட்டால் தெரியும். விலை கூடத்தான், மாவு மில் பெல்ட் நாலைந்து வாங்கியதற்கு அது தேவலாம்.

புது பெல்ட் போடும் முன் வண்டியை அணைத்து, பிளக் வயரைப் பிடுங்கிவிட்டு, கெட்டியான கையுறை போட்டு ஒவ்வொரு கத்தியையும் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்தாலோ, மேலும் கீழும் ஆடினாலோ கத்தித் தண்டின் (ஸ்பிண்டில்) பேரிங் போய்விட்டது. அதுவும் பெல்ட்டைத் தின்னும். பயப்படாதீர்கள், பல வண்டிகளில் அது வெறும் 6203 நம்பர் பேரிங்தான். உள்ளே 17, வெளியே 40, அகலம் 12 மில்லிமீட்டர். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும். இரண்டு பக்கமும் ரப்பர் மூடியதாகக் கேளுங்கள். கழற்றும்போது தண்டில் கோரை இறுகச் சுற்றியிருக்கும். பத்தமடையில் பாய் ஆகிற கோரைதான், இங்கே வந்து பேரிங் சீலைக் கிழித்து உள்ளே போகிறது. கத்தியால் அறுத்து எடுத்துவிட்டு மாட்டுங்கள்.

இருபது நிமிடம் நன்றாக ஓடுகிறது, அப்புறம் தானாக அணைந்துவிடுகிறது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப ஓடுகிறது. கார்புரேட்டர் இரண்டு முறை கழுவியாச்சு.
– விடுதி மேலாளர், குற்றாலம்

அடுத்த தடவை அணைந்ததும் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று சத்தம் கேட்டால் கார்புரேட்டர் மேல் குற்றமில்லை. மூடியில் காற்று போக ஒரு சின்னத் துளை உண்டு. அதைக் குளவி மண்ணால் அடைத்திருக்கும். பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் காற்று இல்லாமல் போய், பெட்ரோல் வருவது நின்றுவிடுகிறது. ஊசியால் குத்திவிடுங்கள், போதும்.

முன் பக்கம் ஒரு ஓரம் தணிந்தும் ஒரு ஓரம் உயர்ந்தும் வெட்டுகிறது.
– வாசகர், களக்காடு

டயரில் காற்று எவ்வளவு என்று பாருங்கள். பஞ்சர் கடையில் பைக் கணக்கில் 30 அடித்துவிடுவார்கள். இந்த வண்டிக்கு முன் டயரில் 14, பின் டயரில் 10 பவுண்டு போதும். உடைமுள் ஏறி ஒரு டயரில் மட்டும் காற்று இறங்கியிருந்தாலும் இப்படித்தான் வெட்டும்.

சாரல் காலத்தில் மூன்று மாதம் நிறுத்திவைத்துவிட்டு எடுத்தால் ஸ்டார்ட் ஆவதில்லை. ஒவ்வொரு வருடமும் இதே பாடு.
– வாசகி, தென்காசி

டேங்கில் பெட்ரோலோடு நிறுத்துகிறீர்கள் அம்மா. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. பழைய இஞ்சின் செய்தவர்கள் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். எத்தனால் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுக்கும். சாரலில் ஈரத்துக்கா பஞ்சம்! பெட்ரோல் குழாயை மூடிவிட்டு இஞ்சின் தானாக அணைகிற வரை ஓட விடுங்கள். டேங்கில் மிச்சமிருப்பதை வடித்து பைக்கில் ஊற்றுங்கள். பழைய ரப்பர் ஹோஸ் ஊறி மெத்தென்று இருந்தால் மாற்றிவிடுங்கள்.

திரும்ப எடுக்கும்போது முதலில் ஆயில் குச்சியை உருவி முகர்ந்து பாருங்கள். ஆயில் அளவு கூடியிருந்து பெட்ரோல் வாடை அடித்தால் சாவியைத் தொடாதீர்கள். கார்புரேட்டர் ஊசி மூடாமல் பெட்ரோல் ஆயிலோடு கலந்திருக்கிறது. ஊசியைச் சரிசெய்து, ஆயிலை மொத்தமாக மாற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். நம்ம வெயிலுக்கு எஸ்ஏஇ 30 ஆயில், ஒற்றை சிலிண்டருக்குக் கிட்டத்தட்ட 1.4 லிட்டர் பிடிக்கும்.

மேட்டுப்பள்ளத்தில் குலுங்கினால் இஞ்சின் அணைகிறது. சீட்டுக்கு அடியில் இருக்கும் சுவிட்சுதான் காரணமாம். வயரை நேரடியாகச் சேர்த்துவிடலாமா?
– வாசகர், நாங்குநேரி

கூடாது. ஆள் சீட்டை விட்டு எழுந்தால் கத்தியையும் இஞ்சினையும் நிறுத்தத்தான் அந்த சுவிட்சு. 42 அங்குல அகலம் வெட்டும் வண்டியில் 21 அங்குலக் கத்தி இரண்டு, நிமிடத்துக்கு 3000 சுற்று என்று வையுங்கள். நுனி வேகம் மணிக்கு 300 கிலோமீட்டர். அப்படி வயரைச் சேர்த்துவிட்ட ஒரு வண்டியில், அடைத்துக்கொண்ட புல்லைக் காலால் தள்ள இறங்கினான் ஒரு பையன். ரப்பர் செருப்பின் முன்பாதி போனது. பெருவிரல் நகத்தோடு தப்பித்தான். அந்தச் செருப்பை இன்னும் என் பட்டறைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன், இதே கேள்வியோடு வருகிறவர்களுக்குக் காட்ட.

உங்கள் வண்டியில் சுவிட்சு கெட்டிருக்கும் என்றே எனக்குத் தோன்றவில்லை. சீட்டைத் தூக்கிப் பாருங்கள். அடியில் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது கனெக்டர் முள் பச்சை பூத்திருக்கும், அல்லது வயரை எலி கடித்திருக்கும். முள்ளை உப்புத்தாளால் தேய்த்து மாட்டுங்கள். ஒல்லியான ஆள் ஓட்டுகிறார் என்றால் சீட் ஸ்பிரிங்கை மாற்றுங்கள். அப்படியும் அணைந்தால் சுவிட்சைக் கழற்றிக்கொண்டு நேரில் வாருங்கள். வயரை முறுக்கிச் சேர்த்துக்கொண்டு வண்டியை ஓட்டி வந்தால் நான் கை வைக்க மாட்டேன்.