"பரம்பரையில கேன்சர் இல்லை, எனக்கென்ன பயம்?"

கேள்வி: என்ர அண்ணைக்கு கொட்டாஞ்சேனையில ஹார்ட்வெயார் கடை. இரவு கடை பூட்டி வந்தா அரைப் போத்தல் சாராயம் இல்லாம சோறு இறங்காது. ஏதும் சொன்னா "எங்கட பரம்பரையில ஒருத்தருக்கும் கேன்சர் இல்லை, எங்கட ஜீன் நல்ல ஜீன்" எண்டுறார். குடி டிஎன்ஏவைப் பழுதாக்கி ஜீனை வாசிக்க விடாமச் செய்யும் எண்டு ஒரு இடத்தில பாத்தன். அதென்ன, அவருக்கு விளங்கிற மாதிரி சொல்லுவீங்களோ?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, அண்ணைக்கு அம்மா அப்பா நல்ல ஜீனைக் குடுத்திருக்கலாம், ஆனா ஒவ்வொரு இரவும் அந்த ஜீனுக்கு மேல என்ன விழுகுது எண்டதை அவர் யோசிக்கேல்லை.

சாராயத்தில இருக்கிற எதனோல் ஈரலுக்குள்ள போய் முதல்ல அசிட்டல்டிஹைட்டா மாறுது, இதுதான் நஞ்சு. ஏஎல்டிஎச்2 எண்ட நொதியம் அதைப் பிடிச்சு தீங்கில்லாத அசிட்டேட்டா மாத்தும், ஆனா அரைப் போத்தல் ஒரேயடியா உள்ள போனா அதுக்கு ஈடுகுடுக்க ஏலாது, மிஞ்சிறது டிஎன்ஏயில போய் ஒட்டும். டிஎன்ஏ எண்டது நாலு வகை ரசாயன எழுத்தால ஆன நீள இழை, ஜீன் அதில ஒரு பகுதி. ஒட்டுறது முக்கியமா குவானின் எண்ட எழுத்தில. சில இடத்தில டிஎன்ஏயின்ர ரெண்டு இழையையும் சேத்தே பிணைச்சுப்போடும். அதோட ஒவ்வொரு நாளும் குடிக்கிற ஆக்களின்ர ஈரலில சிவைபி2இ1 எண்ட இன்னொரு நொதியம் கூடும், அது வேலை செய்யேக்க வாற ஒட்சிசன் கழிவுகளும் டிஎன்ஏயைத்தான் கடிக்குது.

இனி நீங்கள் கேட்ட வாசிக்கிற விஷயம். ஒரு கலம் உயிரோட இருக்கவேணுமெண்டா ஜீன்களை ஓயாம ஆர்என்ஏ எண்ட பிரதியா எடுத்துக்கொண்டே இருக்கவேணும், இதைத்தான் வாசிக்கிறது எண்டுறது, அந்தப் பிரதியிலயிருந்துதான் புரதம் வரும். பிரதியெடுக்கிறது ஆர்என்ஏ பொலிமரேஸ் 2 எண்ட புரதம், அது டிஎன்ஏக்கு மேல ஒவ்வொரு எழுத்தா ஊர்ந்து போகும். தசைக்குரிய டிஸ்ட்ரோபின் ஜீனில 20 லட்சத்துக்கும் கூடின எழுத்து, ஒருக்கா வாசிச்சு முடிக்கவே கிட்டத்தட்ட 16 மணித்தியாலம் எடுக்கும். அசிட்டல்டிஹைட் ஒட்டின குவானினுக்கு கிட்ட வந்தா பொலிமரேஸ் அப்படியே நிண்டிடும். அதே ஜீனில பின்னால வாற பொலிமரேஸுகளும் வரிசையா நிக்கவேண்டியதுதான், காலி வீதியில பம்பலப்பிட்டிச் சந்தியில ஒரு பஸ் பழுதாகி நிண்டா பின்னால என்ன நடக்குமோ அதுதான். நீளமான ஜீனெண்டா வழியில பழுது இருக்கிற சந்தர்ப்பமும் கூட.

உடம்பு இதைச் சும்மா விடாது, எனக்கு இதில ஆகப் பிடிச்ச இடமே இதுதான். நிண்டுபோன பொலிமரேஸே ஒரு சத்தம் மாதிரி, சிஎஸ்பி எண்ட புரதம் அதைக் கண்டு மற்ற ஆக்களைக் கூப்பிடும், பழுதான எழுத்தோட சேத்து ஏறக்குறைய 30 எழுத்தை வெட்டி எடுத்திட்டு எதிர் இழையைப் பாத்து திருப்பி நிரப்பும். ரெண்டு இழையும் பிணைஞ்ச பழுதுக்கு ஃபன்கோனி புரதங்கள் எண்டு வேற ஒரு கூட்டம் இருக்கு. இந்த சிஎஸ்பி பிறப்பிலேயே பழுதான பிள்ளையளுக்கு வாறதுதான் கொக்கேய்ன் நோய் (Cockayne, போதைப்பொருள் கொக்கெய்ன் இல்லை), வளர்ச்சி நிண்டு நரம்பு தேய்ஞ்சு சின்ன வயசிலேயே கிழடு தட்டும், வாசிப்பு தடைப்படுறது எவ்வளவு பாரதூரமெண்டு அதிலயே விளங்கும். திருத்தி முடிக்க ஏலாட்டி கலம் செத்துப்போகும், இல்லாட்டி பிழையான எழுத்தோடயே பிரிஞ்சு பெருகும், கேன்சருக்கு வழி அதுதான். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2018ல எலியளுக்கு எதனோல் குடுத்துப் பாத்தவை, ஏஎல்டிஎச்2 இல்லாத எலியளின்ர இரத்தத்தை உண்டாக்கிற மூலக்கலங்களில டிஎன்ஏ பழுது மற்ற எலியளை விட நாலு மடங்கு.

அண்ணையிட்ட இதைச் சொல்லுங்கோ: புற்றுநோய் வாற கன பேருக்கு பரம்பரையில அது இருந்ததே இல்லை. மதுபானத்தை புற்றுநோய் உண்டாக்கிற பொருள் எண்டு உலக சுகாதார அமைப்பின்ர புற்றுநோய் ஆய்வு நிலையம் 1988லயே முதலாம் வகுப்பில, அதாவது மனுசருக்கு நிச்சயமா புற்றுநோய் உண்டாக்கிற வகுப்பில, போட்டிட்டுது, வாய், தொண்டை, களம் (உணவுக்குழாய்), ஈரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பு எல்லாம் இப்ப அந்தப் பட்டியலில இருக்கு. குடிக்கிறதை விட்டா புதுப் பழுது சேராது, இருக்கிறதைத் திருத்த கலத்துக்கு நேரம் கிடைக்கும். ஏற்கனவே மாறி நிலைச்ச எழுத்து மட்டும் திரும்பாது. ஆனா ஒண்டு, நாளாந்தம் அரைப் போத்தல் குடிக்கிறவர் ஒரேநாளில நிப்பாட்டினா வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து, அதால முதல்ல டொக்டரிட்ட கூட்டிக்கொண்டு போங்கோ. 1926 தேசிய மனநல உதவி இலக்கம், அங்கயும் எடுத்துக் கதைக்கலாம்.

கேள்வி: நான் விலை கூடின விஸ்கி மட்டும்தான், அதுவும் முகம்கூட சிவக்காது. எனக்கும் இது பொருந்துமோ?
– வாசகர், தெஹிவளை

பதில்: பொருந்தும். விஸ்கியிலயும் சாராயத்திலயும் இருக்கிறது ஒரே எதனோல்தான், போத்தலின்ர விலை அசிட்டல்டிஹைட்டுக்குத் தெரியாது. முகம் சிவக்கிறது ஏஎல்டிஎச்2 பலவீனமா இருக்கிற ஆக்களுக்கு, சீனா ஜப்பான் பக்கம் அது கூட, எங்கட ஆக்களில குறைவு. சிவக்கேல்லை எண்டா நஞ்சு கொஞ்சம் வேகமாப் போகுது எண்டுதான் அர்த்தம், உண்டாகவே இல்லை எண்டு இல்லை. வாய்க்குள்ள இருக்கிற பக்டீரியாவே எதனோலை அசிட்டல்டிஹைட்டா மாத்தும், அதால வெத்திலை, புகையிலை, சிகரெட் பழக்கமும் சேந்து இருந்தா ஆபத்து இன்னும் கூட, வாயில 2 கிழமைக்கு மேல ஆறாத புண்ணோ வெள்ளைப் படையோ கண்டா பல் டொக்டரிட்ட உடனே காட்டுங்கோ.