ஓவியரின் பாஸ்போர்ட்

வணக்கம் சார்,

ஊர் லால்குடி. இப்போது நியூஜெர்சியில் வேலை. போன மாதம் நியூயார்க்கில் ஒரு கேலரியில் ஆபிரகாம் வால்கோவிட்ஸ் என்பவரின் நீர்வண்ண ஓவியம் ஒன்றைப் பார்த்தேன். ஓர் ஆணும் பெண்ணும். முகம் கிடையாது. சில வளைகோடுகள், நீலமும் பழுப்புமாகக் கொஞ்சம் வண்ணம், அவ்வளவுதான். அவர் சைபீரியாவில் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா வந்த யூதர் என்று பக்கத்து அட்டையில் இருந்தது. படித்ததும் கண் கலங்கிவிட்டது. நாட்டை இழந்தவர்களுக்கு முகமும் போய்விடுகிறது, ஒருவரையொருவர் பற்றிக்கொள்வதுதான் மிச்சம் என்று தோன்றியது. நான் புரிந்துகொண்டது சரியா? இதன் பிரிண்ட் ஒன்றை வீட்டில் மாட்ட ஆசை. ஹாலில் மாட்டலாமா, படுக்கையறையிலா? அரூப ஓவியத்தை எப்படிப் பார்ப்பது என்று எங்களைப் போன்றவர்களுக்காக ஒரு கட்டுரை எழுதுங்களேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஹாலா படுக்கையறையா என்பது உங்கள் வீட்டு விவகாரம். வெயில் விழாத சுவராகப் பாருங்கள், போதும். எப்படிப் பார்ப்பது என்ற கட்டுரையெல்லாம் நான் எழுதுவதாக இல்லை. யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது. ஆனால் உங்கள் கடிதத்தை ஒதுக்கிவைக்கவும் முடியவில்லை. கொஞ்ச நாளாக என்னை அரித்துக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தில் கொண்டுபோய் விரலை வைத்துவிட்டீர்கள்.

என் கதை ஒன்றில் ஒரு கணவனும் மனைவியும் பஸ் ஸ்டாண்டில் ஒரே டீயை மாற்றி மாற்றிக் குடிப்பார்கள். ஒரு கூட்டத்தில் ஒருவர் எழுந்து, கிராமத்தை விட்டுச் சென்னைக்கு வந்தவனின் தாகம் அது என்று பேசினார். கைதட்டல் வேறு. முந்தின ராத்திரி முழுக்கச் சண்டை போட்டவர்கள் காலையில் ஒரே தம்ளரில் வாய் வைக்கிறார்கள், அதுதான் ஐயா கதை! அதை ஒருவரும் கவனிக்கவில்லை. என் சொந்த ஊர் எது என்பது புத்தகத்தின் பின்னட்டையில் இருந்தது, கதைக்குப் பதிலாக அதைப் படித்துவிட்டு வந்திருந்தார்கள்.

நீங்கள் செய்திருப்பதும் அதேதான். படத்தைப் பார்த்தபோது உங்களுக்கு அழுகை வரவில்லை. அட்டையைப் படித்த பிறகு வந்தது. நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

வால்கோவிட்ஸ் சைபீரியாவின் டியூமெனில் பிறந்தார், நியூயார்க்கில் வந்தேறிகள் நிறைந்த லோயர் ஈஸ்ட் சைடில் வளர்ந்தார், உண்மைதான். 1906-இல் பாரிஸுக்குப் படிக்கப் போனார். அங்கே சிற்பி ரோதானின் ஸ்டுடியோவில் இசடோரா டங்கனைச் சந்தித்தார். பாலே காலணியைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு ஆடிய டங்கனேதான். அதன் பிறகு வால்கோவிட்ஸ் அவரை வரைந்தார், வரைந்தார், வரைந்துகொண்டே இருந்தார். 5,000 படங்களுக்கு மேல் இருக்கும் என்பார்கள். 1927-இல் டங்கன் செத்துப்போன பிறகும் ஞாபகத்திலிருந்து வரைந்தார். பெரும்பாலானவற்றில் முகம் இல்லை, இருந்தால் ஒரு புள்ளியோ கீற்றோதான். வால்கோவிட்ஸ் வரையத் தொடங்கியபோது அந்த மனுஷி எந்த நாட்டை இழந்திருந்தார்? சான்பிரான்சிஸ்கோவில் பிறந்த அமெரிக்கப் பெண். அவர் ஆடும்போது உடம்பின் எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறும் அந்தக் கணத்தைப் பிடிக்க வேண்டும். மூக்கையும் முழியையும் வரைந்துகொண்டிருந்தால் கணம் போய்விடும்.

ரோதானும் கடைசிக் காலத்தில் இப்படித்தான் வரைந்தார். கண் மாடல் மேலேயே இருக்கும், காகிதத்தைப் பார்க்காமல் பென்சில் ஓடும். அப்புறம் மேலே நீர்வண்ணம். வண்ணம் கோட்டுக்குள் அடங்காது, வெளியே வழியும். வழியட்டும் என்று விட்டுவிடுவார். 1908-இல் புகைப்படக்காரர் ஸ்டீக்லிட்ஸ் அவற்றை நியூயார்க்கின் ஐந்தாவது அவென்யூவில் தன் சின்னஞ்சிறு அறைகளில் காட்சிக்கு வைத்தார். அதே இடத்தில்தான் 1912-இல் வால்கோவிட்ஸின் படங்களும் வந்தன. நீங்கள் பார்த்த ஜோடிக்குத் தாய்வழி எது என்றால் இதுதான். சைபீரியா இல்லை.

அதே இடத்தில் காட்சி வைத்த இன்னொருவர் ஜார்ஜியா ஓ'கீஃப். விஸ்கான்சின் பண்ணை வீட்டில் பிறந்தவர். 1917-இல் டெக்ஸாஸில் இருந்தபோது நீர்வண்ணத்தில் நிர்வாணப் பெண் உருவங்கள் வரைந்தார். அவற்றிலும் முகம் கிடையாது. அதற்கு என்ன சொல்வீர்கள்? அமெரிக்கர் முகத்தை விட்டால் அழகியல், வந்தேறி முகத்தை விட்டால் துக்கமா?

கோபம் வருகிறது, ஏனென்றால் இந்தப் பார்வைக்கு ஒரு அசிங்கமான முன்கதை உண்டு. ராயல் கோர்ட்டிசோஸ் என்று ஒரு விமர்சகர், நியூயார்க் பத்திரிகை உலகில் பெரிய தலை. நவீன ஓவியம் மொத்தத்துக்கும் அவர் 1923-இல் வைத்த பெயர் 'எல்லிஸ் தீவுக் கலை'. கப்பலில் வந்து இறங்கியவர்களை நிறுத்திச் சோதித்த தீவு அது. வெளியிலிருந்து வந்தவர்கள் நம் கலையைக் கெடுக்கிறார்கள் என்பது அவர் வாதம். கோடு தப்பு, வண்ணம் தப்பு என்று சொல்லியிருந்தால் உட்கார்ந்து சண்டை போடலாம். அவர் எங்கிருந்து வந்தாய் என்று கேட்டார். நீங்களும் அதையேதான் கேட்கிறீர்கள், அவர் வெறுப்போடு கேட்டதை நீங்கள் கண்ணீரோடு கேட்கிறீர்கள். இரண்டு பேரும் படத்தைப் பார்க்கவில்லை.

வந்தேறிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால் வால்கோவிட்ஸுக்குத் தெரியாதா என்ன? தாடிவைத்த கிழவர்கள், முக்காடு போட்ட பாட்டிகள் என்று தன் தெருக்காரர்களை முகத்தோடு, சுருக்கத்தோடு நேராகவே வரைந்திருக்கிறார். 1946-இல் புத்தகமாகவும் போட்டார். சொல்ல நினைத்ததைச் சொல்லிவிட்டவர் அவர். ஜோடியை வரையும்போது அவர் சொல்ல வந்தது வேறு.

உங்கள் அழுகை பொய் என்று சொல்லவில்லை எஸ். லால்குடியை விட்டு அவ்வளவு தூரம் போனவருக்கு அது வரும், வரட்டும். அதை உங்கள் பெயரில் எழுதுங்கள். அனுப்பினால் முதல் ஆளாக நான் படிக்கிறேன். செத்துப்போன ஒரு மனிதரின் படத்தில் அதை ஏற்றிவிட்டு, அவர் சொன்னதாக என்னிடம் சான்றிதழ் கேட்காதீர்கள்.

இன்னொன்று. கடிதத்தைப் பிரசுரிக்கும்போது ஒரு வரியை வெட்டிவிட்டேன். உங்கள் மனைவி படத்தைப் பார்த்துவிட்டு, "அந்தப் பொண்ணுதான் நிக்குது, அவன் சும்மா சாஞ்சிருக்கான்" என்றாராமே. அவருக்கு ரசனை இல்லை என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். கோடு எங்கே எடை தாங்குகிறது என்று பார்த்திருக்கிறார், வேறென்ன வேண்டும்? அடுத்த முறை அவரை முன்னால் விட்டு நீங்கள் பின்னால் நில்லுங்கள். அவர் அட்டையைப் படிக்கக் குனிந்தால் மட்டும் தடுங்கள்.